பூட்டிய பத்திரிகைக்குத் திகதி உண்டு, வேலை இழந்தவருக்குக் கணக்கு உண்டா?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. வேலையெல்லாம் முடித்து ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை வரலாறு என்று எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது ஒரு வரிசை. 1841இல் யாழ்ப்பாணத்தில் உதயதாரகை. 1882இல் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பையின் முஸ்லிம் நேசன். 1920களில் கோ. நடேசையரின் தேசநேசன், தேசபக்தன். 1930 ஓகஸ்ட் 6இல் சுப்பிரமணியம் செட்டியாரின் வீரகேசரி. 1932 மார்ச் 15இல் தினகரன். இன்று நாங்களும் பதுளையில் ஒரு வகுப்பறையில் நின்று பிள்ளைகளுக்கு அதே வரிசையைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். தொடங்கிய ஆண்டு, தொடங்கியவர் பெயர், ஆசிரியர் பெயர். பரீட்சைக்கு அது போதும்.

ஆனால் இந்த வரிசையில் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. பத்திரிகை மூடிய அன்று வீட்டுக்குப் போனவர்கள் யார்? அச்சுக்கோர்த்தவர், ஒப்புநோக்கியவர், இயந்திரம் ஓட்டியவர், கட்டுக்கட்டி ரயிலில் ஏற்றியவர், பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் செய்தி அனுப்பியவர். ஆசிரியர்களின் பெயர் நூல்களில் இருக்கிறது, உரிமையாளர்களின் பெயர் நீதிமன்றப் பதிவுகளில் இருக்கிறது. மற்றவர்களைப் பற்றி ஒரு வரி தேடினால் கையில் கிடைப்பது வெகு குறைவு. இந்தப் பதிவு அந்தக் காலிப் பக்கத்தைப் பற்றியது.

தோட்டத்துக்குத் தெரிந்த ஒரு சொல்

ஊவாவில் வேலைநீக்கம் என்றால் என்ன என்பதை யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பற்றுச்சீட்டு என்ற சொல் போதும். வாய்ப்பேச்சில் பத்துச்சீட்டு. தோட்டத்திலிருந்து ஒருவரை விலக்கும்போது துரை கொடுக்கும் கடதாசி அது. அது கைக்கு வந்தால் செக்ரோலில் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் லயத்தில் காம்பிராவும் இல்லை. ஒரு நாள் வேலைக்கே தோட்டத்தில் ‘பேர்’ என்றுதான் சொல்வார்கள். குறையக் கொழுந்து எடுத்தால் அரைப்பேர். உழைத்தவனின் பெயரும் உழைப்பின் அளவும் ஒரே சொல்லாகிப் போன இடம் உலகில் வேறு எங்காவது இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நடேசையர் பத்திரிகை நடத்தியது இந்த மக்களுக்காகத்தான். தோட்டத்துக்குள் வெளியாள் நுழையத் தடை இருந்த காலத்தில் புடவை வியாபாரி போல் வேஷம் போட்டு உள்ளே போய்ச் செய்தி திரட்டினார். மனைவி மீனாட்சியம்மையும் அவரோடு எழுத்திலும் மேடையிலும் நின்றார். தோட்டத்தில் நடப்பது தோட்டத்துக்கு வெளியே தெரிய வேண்டும் என்பதே அவர்கள் பத்திரிகையின் வேலை. 1924இல் ரயில் பாதை பதுளை வரை வந்தது. அதன் பிறகு கொழும்பில் அச்சான பத்திரிகை இரவு ரயிலேறி மலைக்கு வந்து சேர்ந்தது. டவுனில் சலூனிலும் தேநீர்க்கடையிலும் ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கேட்டார்கள். தோட்டத்துக்குத் தப்பால்காரர் கொண்டு போனார்.

ஆகவே ஒரு பத்திரிகை மூடப்படுவது கொழும்பு முதலாளியின் நட்டக் கணக்கோடு முடிந்துவிடும் விடயம் அல்ல. அது எங்கள் மலையையும் தொடும். எப்படி என்று பார்ப்போம்.

1973: ஏரிக்கரை கைமாறியது

டி.ஆர். விஜேவர்தன 1918 ஜனவரியில் டெய்லி நியூஸைத் தொடங்கிக் கட்டியெழுப்பிய லேக் ஹவுஸ் நிறுவனத்தை நம்மவர்கள் ஏரிக்கரை என்பார்கள். தினமின, டெய்லி நியூஸ், தினகரன் எல்லாம் அங்கிருந்து வந்தவை. பேராசிரியர் கைலாசபதி 1959இல், இருபத்தாறு வயதில், தினகரன் ஆசிரியரானதும் அங்கேதான்.

அந்த நிறுவனத்தைத் தனியார் கையிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் 1964இலேயே முயன்றது. அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி சீ.பி. டி சில்வாவும் சகாக்களும் கட்சி மாறினார்கள். ஒரே ஒரு வாக்கினால் அரசாங்கம் தோற்றது. இலங்கையில் ஒரு பத்திரிகைப் பிரச்சினைக்காக அரசாங்கமே விழுந்த கதை அது.

1970இல் அவர் மீண்டும் வந்தார். 1973ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. நிறுவனத்தின் 75 வீதப் பங்குகள் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் போயின. ஒரு குடும்பத்தின் பிடியிலிருந்து எடுத்து மக்களிடையே பரவலாகப் பங்கிடுவோம் என்பதுதான் சொல்லப்பட்ட நோக்கம். பங்குகள் மக்களிடம் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த எந்தக் கட்சியும் அதைச் செய்யவில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது ஏரிக்கரையைத் திட்டுவதும், ஆட்சிக்கு வந்ததும் அதன் தலைவர் பதவிக்குத் தம் ஆளைப் போடுவதும் இரு தரப்புக்கும் பழகிப்போனது.

இதன் விளைவை ஊழியர் பக்கத்திலிருந்து பாருங்கள். முன்பு வேலை போவதற்கு ஒரு முதலாளியின் கோபம் போதும். 1973க்குப் பிறகு ஒரு தேர்தல் முடிவு போதும்.

1974: முத்திரை வைத்த அச்சகம்

தவச நிறுவனத்தின் கதைதான் தமிழ் வாசகனுக்கு நெருக்கமானது. எம்.டி. குணசேன என்ற புத்தக வெளியீட்டாளர்களின் பின்பலத்தோடு 1961இல் ‘தவச’ சிங்கள நாளிதழ் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் ‘சன்’. 1966இல் தமிழில் ‘தினபதி’, அதோடு வார இதழாகச் ‘சிந்தாமணி’. ஆசிரியர் எஸ்.டி. சிவநாயகம், சுதந்திரன் பத்திரிகையில் பழுத்தவர். எளிய நடை, பெரிய தலைப்பு, ஊர்ச் செய்திக்கு இடம். கொழும்பு வாசகர்களை மட்டும் கணக்கில் எடுக்காமல் கிழக்கு, மலையகம், முஸ்லிம் ஊர்கள் என்று விரிந்து போனது தினபதி. எங்கள் வீடுகளில் பெரியவர்கள் ‘பேப்பர்’ என்று சொன்னால் பல வீடுகளில் அது தினபதிதான்.

1974 ஏப்ரலில் அவசரகாலச் சட்ட விதிகளின் கீழ் அந்த நிறுவனத்தின் அச்சகம் முத்திரை வைத்துப் பூட்டப்பட்டது. தவச, சன், தினபதி, சிந்தாமணி எல்லாம் ஒரே அடியாக நின்றன. மறுபடி கதவு திறந்தது 1977இல், தேர்தல் ஆண்டில். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்.

மூன்று ஆண்டு என்பதை ஆசிரியர் தொழிலில் இருக்கும் நாங்கள் வேறு விதமாகக் கணக்கிடுவோம். ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிடும். அந்த மூன்று ஆண்டும் அச்சகத்தில் வேலை செய்த ஒருவரின் வீட்டில் அரிசி வாங்கியது யார்? அந்தப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கிக் கொடுத்தது யார்?

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1971இல், அதே அரசாங்கம் ஒரு நல்ல சட்டத்தைக் கொண்டு வந்திருந்தது. ஊழியர்களின் வேலை முடிவுறுத்தல் பற்றிய 45ஆம் இலக்கச் சட்டம். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ பெற வேண்டும். இன்றும் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. ஆசியாவிலேயே கடுமையான ஒன்று என்று முதலாளிமார் இன்றும் முறைப்பட்டுக் கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் பேசியது முதலாளியைப் பற்றி. 1974இல் பூட்டைப் போட்டது அரசாங்கம். தொழிலாளியைக் காக்கச் சட்டம் எழுதிய அதே கைதான் தொழிலாளியின் வாசலுக்கும் முத்திரை வைத்தது.

அதே ஆண்டு மலையில்

1973, 74 என்றால் மலையகத்து முதியவர்களுக்கு ஒரே சொல்தான் வாயில் வரும்: பஞ்சம். வாரத்தில் குறித்த நாட்களில் கடைகளில் சோறு விற்கத் தடை. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டு போகத் தடை. பாணுக்கு விடியுமுன்னே கியூ. கூப்பன் மா குறைந்தது. காணித்துண்டு உள்ள கிராமத்தான் மரவள்ளியாவது நட்டுச் சமாளித்தான். தோட்டத்து மக்களுக்கு நிலமும் இல்லை, அந்த நாளில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமையும் இல்லை. தோட்டங்களில் மரண வீதம் அந்த ஆண்டுகளில் கூடியது. பலர் வேலை தேடியும் சோறு தேடியும் டவுன்களுக்கு இறங்கினார்கள். பிச்சை எடுத்தார்கள்.

தினபதி பூட்டிக் கிடந்தது அந்த நாட்களில்தான்.

நியாயமாகச் சொல்வதானால், அப்போது வீரகேசரி வந்து கொண்டிருந்தது, தினகரனும் வந்து கொண்டிருந்தது. வீரகேசரியில் மலையகத்துக்கென்று எழுதியவர்களும் எழுத வைத்தவர்களும் இருந்தார்கள். எஸ்.எம். கார்மேகம் போன்றவர்கள் 1960களில் மலைநாட்டு எழுத்தாளர்களைத் தேடிப் பிடித்துச் சிறுகதைப் போட்டிகள் வைத்தார்கள். அந்தக் கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்று நூலாகவும் வந்தன. ஆகவே ஒரு பத்திரிகை பூட்டியதால்தான் பஞ்சம் மறைக்கப்பட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஊரில் மூன்று பேர் செய்தி எழுதிக் கொண்டிருக்க அதில் ஒருவரின் பேனாவைப் பிடுங்கினால், மற்ற இருவரும் எதை எழுதுவது, எதை விடுவது என்று இரண்டு முறை யோசிப்பார்கள். அவசரகாலச் சட்டம் தலைக்கு மேல் இருக்கும்போது மூன்று முறை யோசிப்பார்கள்.

தோட்டத்தில் பசியால் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் நம் பாடநூலில் இல்லை. அச்சகத்தில் வேலை போனவர்களின் பெயர்ப் பட்டியலும் இல்லை. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தவை.

ஆட்சி மாறியது, வழக்கம் மாறவில்லை

1977 ஜூலை 21 தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. பத்திரிகைகளுக்கு விடிவு வந்தது என்று பலர் நினைத்தார்கள். அதே ஆண்டு, 1846இலிருந்து வந்த டைம்ஸ் ஒஃப் சிலோன் நிறுவனம் அரசின் கைக்குப் போனது. 1985இல் அது மூடப்பட்டது. நூற்று முப்பது ஆண்டு தாண்டிய ஒரு நிறுவனத்தைக் கொல்ல எட்டு ஆண்டு போதுமாக இருந்தது.

மேர்வின் டி சில்வா என்ற பெயரைப் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆங்கிலப் பத்திரிகை உலகில் பெரிய ஆள். 1976இல் ஸ்ரீமாவோ ஆட்சியில் லேக் ஹவுஸிலிருந்து நீக்கப்பட்டார். டைம்ஸுக்குப் போனார். 1978இல் ஜே.ஆர். ஆட்சியில் அங்கிருந்தும் நீக்கப்பட்டார். இடது கை அறைந்த கன்னத்தை ஆற வைப்பதற்குள் வலது கையும் அறைந்தது. அதே ஆண்டு மே மாதம் அவர் ‘லங்கா கார்டியன்’ என்ற சிறு சஞ்சிகையைத் தானே தொடங்கினார். விளம்பர பலம் இல்லை, பெரிய அச்சகம் இல்லை. ஆனால் இனப்பிரச்சினையும் பொருளாதாரமும் பற்றி அந்தக் காலத்தில் நேர்மையாக வாசிக்க வேண்டுமானால் அதைத்தான் தேடினார்கள்.

மேர்வினுக்கு அது முடிந்தது. ஏனென்றால் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு ஒப்புநோக்குநர் வேலை இழந்தால் என்ன சஞ்சிகை தொடங்க முடியும்?

1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு நடந்த பொது வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 40,000 அரச ஊழியர்கள் வேலையிழந்தார்கள். இன்றைக்கும் ‘ஜூலை வேலைநிறுத்தக்காரர்’ என்றால் நாட்டுக்கே புரியும். ஏன் அந்த எண்ணிக்கை நினைவில் நிற்கிறது? தொழிற்சங்கங்கள் எண்ணின. ஆண்டுதோறும் நினைவு கூர்ந்தன. வழக்குப் போட்டன. பட்டியல் இருந்ததால் பிற்காலத்தில் நிவாரணம் கேட்கவும் முடிந்தது. எண்ணப்பட்ட இழப்புக்கும் எண்ணப்படாத இழப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எங்களிடம் இல்லை.

வடக்கில் வேலைத்தலமே எரிந்து போனது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்த அந்த இரவுகளில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. நூலகத்தின் 97,000 நூல்களை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். ஈழநாட்டில் மறுநாள் காலை வேலைக்கு வந்து சாம்பலைப் பார்த்து நின்றவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

ஈய எழுத்து போனபோது

எல்லா வேலையிழப்பும் அரசியலால் வந்ததல்ல. இயந்திரத்தாலும் வந்தது.

பழைய தமிழ் அச்சகத்தில் ஈய எழுத்துகளைச் சிறு குழிகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாக அடுக்கி, வரியாக்கி, பக்கமாக்க வேண்டும். அச்சாகி முடிந்ததும் ஒவ்வொரு எழுத்தையும் மறுபடி அதனதன் குழியில் போட வேண்டும். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து. தமிழுக்கு உயிர்மெய், கொம்பு, கால், பழைய ‘யானைத் துதிக்கை’ லை, னை எல்லாம் சேர்த்தால் குழிகள் பல மடங்கு. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத பலர் அச்சுக்கோர்த்தே தமிழில் தேர்ந்தார்கள். பெரிய எழுத்தாளர்களின் எழுத்துப்பிழையைத் திருத்தியவர்களும் அவர்கள்தான்.

ஒஃப்செட்டும் பிறகு கணினியும் வந்தபோது அந்தக் கைத்திறனுக்கு ஒரே நாளில் விலை இல்லாமல் போனது. இது உலகம் முழுதும் நடந்தது. லண்டனில் 1986 ஜனவரியில் ரூபர்ட் மர்டொக் தன் பத்திரிகைகளை வொப்பிங் என்ற இடத்துப் புதிய அச்சகத்துக்கு மாற்றினார். வேலைநிறுத்தம் செய்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சகத் தொழிலாளர்கள் நீக்கப்பட்டார்கள். ஓராண்டுக்கு மேல் வாசலில் நின்று போராடித் தோற்றார்கள். தோற்றாலும் அவர்கள் கதை பதிவாகியிருக்கிறது. புத்தகம், கண்காட்சி, படங்கள் எல்லாம் இருக்கின்றன. இங்கே அச்சுக்கோர்த்தவர்கள் சத்தமில்லாமல் போனார்கள். சிலர் சிறு அச்சகங்களில் கல்யாண அழைப்பிதழ் அடித்தார்கள். சிலர் கடை வைத்தார்கள்.

1990இல் தவச நிறுவனம் முற்றாக மூடப்பட்டது. இம்முறை முத்திரை வைக்க யாரும் வரவில்லை, பணநெருக்கடியே போதுமாக இருந்தது. தினபதி, சிந்தாமணி இரண்டும் அத்தோடு நின்றன. 1980களில் தினபதி ‘தினம் ஒரு சிறுகதை’ என்று ஒரு திட்டம் வைத்திருந்தது. நாளிதழில் நாளுக்கொரு கதை! எந்தச் சிற்றூரிலிருந்தும் ஒரு இளைஞன், ஒரு யுவதி, அதிலும் வீட்டை விட்டு வெளியே அதிகம் போகாத நம் முஸ்லிம் பெண்பிள்ளைகள், ஒரு கதையை எழுதித் தபாலில் போட்டால் அச்சில் பெயரைப் பார்க்க வாய்ப்பிருந்தது. இன்று அறுபது தாண்டிய நம் எழுத்தாளர் பலரின் முதல் கதை அங்கேதான் வந்தது. பத்திரிகை மூடியபோது சம்பளம் வாங்கியவர்களின் வேலை போனது, எழுதக் காத்திருந்த ஒரு தலைமுறையின் கதவும் சாத்தியது.

செய்தியாளர், ஆனால் ஊழியர் அல்ல

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம்.

பதுளை, ஹாலிஎல, பசறை, லுணுகல, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை. இந்த ஊர்களிலிருந்து செய்தி அனுப்பும் பிரதேச நிருபர்களில் பெரும்பாலோர் பத்திரிகையின் ஊழியர்கள் அல்ல. அச்சான செய்திக்குக் கணக்கிட்டுப் பணம். ஆசிரியர், கடைக்காரர், தபாலதிபர் என்று வேறு தொழில் செய்துகொண்டே எழுதியவர்கள் அவர்கள். மாதச் சம்பளம் இல்லை. ஊழியர் சேமலாப நிதி இல்லை. ஐந்து ஆண்டு வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்று 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் சொல்கிறது. நிருபருக்கு அதுவும் கிடைப்பதில்லை. 1971 சட்டமும் அவரைத் தொடாது. அவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை, ஆகவே யாரும் நீக்கவும் இல்லை! தோட்டத்து மொழியில் சொன்னால், அரைப்பேர்கூட விழாத வேலை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருபது ஆண்டுக்கு மேல் ஒரு பத்திரிகைக்கு இந்த மலையிலிருந்து எழுதினார். பக்கங்கள் குறைந்தபோது அவர் அனுப்பிய செய்திகள் வருவது குறைந்தது, பிறகு நின்றது. யாரும் அவருக்குக் கடிதம் எழுதவில்லை. தொலைபேசியில்கூடச் சொல்லவில்லை. தன் வேலை எந்தத் திகதியில் போனது என்று அவருக்கே தெரியாது. பற்றுச்சீட்டாவது கையில் கொடுப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவரைப் போன்றவர்கள் இல்லாமல் போனால் என்ன நட்டம்? 2014 ஒக்டோபர் 29ஐ நினைத்துப் பாருங்கள். எங்கள் மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில், காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அன்றும் அடுத்த நாட்களிலும் கொழும்பிலிருந்து வந்த எண்ணிக்கைகளைப் பாருங்கள். நூறு என்றார்கள், இருநூறு வரை காணவில்லை என்றார்கள், பிறகு வெகுவாகக் குறைத்தார்கள். உலகச் செய்தி நிறுவனங்களும் அந்த எண்களையே சுமந்தன. வேலைக்குப் போனவர் யார், பள்ளிக்கூடம் போன பிள்ளை எது, வீட்டில் இருந்தவர் யார் என்று லயத்து வாரியாகச் சொல்லக்கூடியவர்கள் அந்த ஊர்க்காரர்களும், அவர்களை முகம் தெரிந்த உள்ளூர்ச் செய்தியாளர்களும்தான். ஓர் ஊரின் பெயர்களை அறிந்த ஒருவர் செய்தி மேசைக்கு அருகில் இருந்தால், செத்தவர்களைத் தலைகளாக எண்ணாமல் பெயர்களாகச் சொல்லலாம். உள்ளூர் நிருபரின் வேலை அதுதான். ஆட்குறைப்பில் முதலில் போவதும் அந்த வேலைதான்.

கடைசியாக வந்த அலை

2020 மார்ச்சில் கொவிட் ஊரடங்கு வந்தபோது பேப்பர் போடுபவர் வரவில்லை. பல பத்திரிகைகள் கைபேசித் திரைக்கு மாறின. பழகிய கை திரும்பி வரவில்லை. விளம்பரம் குறைந்தது.

2022இல் டொலர் இல்லை. பத்திரிகைக் கடதாசி முழுதும் வெளிநாட்டிலிருந்து வருவது. வாழைச்சேனையில் 1956இலிருந்து ஒரு காகித ஆலை இருந்தும், பத்திரிகை அச்சிடும் கடதாசிக்கு நாம் எப்போதும் கப்பலைத்தான் பார்த்திருந்தோம். அந்த மார்ச் மாதம் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ இரண்டும் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. அதே மாதம் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப் போடப்பட்டது. காரணம் அதேதான், வினாத்தாள் அடிக்கக் கடதாசி இல்லை. ஆசிரியர்களும் பத்திரிகையாளர்களும் ஒரே கடதாசிக்குக் காத்திருந்த மாதம் அது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. பக்கங்கள் குறைந்தன, விலை ஏறியது. ஒரு பத்திரிகை வாங்கும் காசுக்கு வீட்டுக்கு வேறு ஏதாவது வாங்கலாம் என்று எங்கள் ஊரில் பலர் நினைத்ததில் தப்பில்லை.

இந்த இரண்டு அலையிலும் எத்தனை பேர் வெளியே போனார்கள்? அமெரிக்காவில் பத்திரிகைச் செய்தி அறைகளில் 2008இல் சுமார் 71,000 பேர் இருந்து 2020இல் சுமார் 31,000 ஆகக் குறைந்தார்கள் என்று அங்குள்ள பியூ ஆய்வு நிலையம் எண்ணிச் சொல்கிறது. இந்தியாவில் பத்திரிகையாளருக்கென்று 1955இலேயே ஒரு சட்டம் போட்டார்கள். சம்பள வாரியம் அமைத்தார்கள். முதலாளிகள் வழக்குப் போட, 2014 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மஜீதியா வாரியத்தின் சம்பளப் பரிந்துரைகளைச் சரியென்று தீர்ப்பளித்தது. அதை எல்லா முதலாளிகளும் கொடுத்தார்களா என்பது வேறு கதை. ஆனால் கேட்பதற்குக் கையில் ஒரு கடதாசி இருந்தது.

நம் நாட்டில் அச்சிடும் புத்தகத்தின் பிரதிகளை அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று 1885இலிருந்து சட்டம் இருக்கிறது. பழைய பத்திரிகைகளைக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பிலும் பல இதழ்கள் இருக்கின்றன. அதைச் செய்தவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி கொடுக்கட்டும். பத்திரிகையைப் பாதுகாத்துவிட்டோம். அதை உண்டாக்கிய கைகளின் விபரம்தான் மிச்சம் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள்

இதை எழுதியது பழைய காலத்தை நினைத்து ஏங்குவதற்கு அல்ல. அந்தப் பத்திரிகைகளிலும் பக்கச்சார்பு இருந்தது. இனவாதம் எழுதியவையும் இருந்தன. முஸ்லிம்களைப் பற்றி, தோட்டத்து மக்களைப் பற்றித் தவறாக எழுதியவையும் இருந்தன. எல்லாவற்றையும் புனிதமாக்க வேண்டாம். ஆனால் தவறாக எழுதினால் மறுப்புக் கடிதம் அனுப்ப ஒரு முகவரி இருந்தது. இன்று கைபேசியில் வரும் பொய்க்கு முகவரி இல்லை.

நாங்கள் தரம் பத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறோம். சில பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. உங்கள் குடும்பத்தில், உங்கள் ஊரில், பத்திரிகையிலோ அச்சகத்திலோ வேலை செய்தவர் யாராவது இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேளுங்கள். ஐந்து விடயம் போதும். எந்தப் பத்திரிகை? எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை? என்ன வேலை? எப்படி வேலை முடிந்தது? முடிந்தபோது கையில் என்ன கொடுத்தார்கள்? சொல்பவர் விரும்பினால் மட்டும் பெயர். விரும்பாவிட்டால் ஊர் மட்டும்.

ஆசிரியராக இருப்பவர்களிடம் தனியாக ஒன்று. பாடசாலை அடிப்படையிலான கணிப்பீட்டுக்குப் பிள்ளைகளிடம் வருடா வருடம் சிகிரியா படம் ஒட்டிக் கொண்டுவரச் சொல்கிறோம். ஒரு தவணையாவது இதைக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளை தன் பாட்டனிடம் போய்க் கேட்கும். பாட்டனுக்கும் தன்னிடம் ஒரு வரலாறு இருப்பது அன்றைக்குத்தான் தெரிய வரும்.

எழுதி முடித்ததும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று பாடசாலை நூலகத்தில், ஒன்று உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில். கடதாசிக்குத் தட்டுப்பாடு வந்தாலும் மூன்றில் ஒன்றாவது மிஞ்சும்.